புட்டு மாவு பதமும் ஃபியூஸ் கேரியர் விரிசலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில்கள் புது இயந்திரம் வாங்க மானியம் தருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதில் எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. கைப்பிரஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹைட்ராலிக் பிரஸ் வைத்தால் உடைசல் தானாகக் குறையும் என்று யாரோ சொன்னதை அப்படியே போட்டிருந்தீர்கள். இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் பீங்கான் மண் மாவு கலந்து, பிரஸ் சுற்றி, கடைசியில் மேற்பார்வையும் பார்த்து ஓய்ந்தவன் நான். அந்த இரண்டு வரியைப் படித்ததும் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. உடைசலுக்குப் பாதிக் காரணம் பிரஸ்ஸுக்கு வருவதற்கு முன்னாலேயே, மாவிலேயே இருக்கிறது. மாவில் எவ்வளவு தண்ணீர், அது எப்படிப் பரவியிருக்கிறது, துகள்களை ஒட்டவைக்க என்ன பைண்டர், எவ்வளவு பைண்டர். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தெரியாதவர்களுக்காக. வீட்டு மீட்டர் பலகையில் வெள்ளையாக இருக்குமே ஃபியூஸ் கேரியர், அதைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கல் வகைகள், மூன்றையும் உருளும் குண்டுகளால் அரைக்கும் பால் மில்லில் தண்ணீரோடு அரைத்து, ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, அதில் கிடைக்கும் கேக் என்ற ஈரக் கட்டியைக் காயவைத்து, உடைத்து, சலித்துச் செய்கிறோம். சலித்த தூளில் மறுபடி அளவாகத் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்த ஆயில் சேர்த்து, டை என்ற இரும்பு அச்சில் போட்டு, ஸ்குரூ பிரஸ் என்ற கைப்பிரஸ்ஸால் அழுத்தி எடுப்போம். அழுத்தும் நேரத்தில் மாவில் 12 முதல் 15 சதவீதம் வரை ஈரம் இருக்கும். தரை ஓடு செய்யும் பெரிய ஆலைகளில் கதை வேறு. அங்கே மண் குழம்பைச் சூடான காற்றில் தூவிக் காயவைக்கும் ஸ்ப்ரே டிரையரில் இருந்து குருணையாக வரும் மாவில் ஈரம் 5 முதல் 7 சதவீதம்தான், அழுத்தமோ சதுர செ.மீ.க்கு 300, 400 கிலோ.

இந்த ஈரம் எதற்கு? மண் துகளுக்கும் மண் துகளுக்கும் நடுவில் தண்ணீர் மெல்லிய பாலம் போல நின்று இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் ஈர மணலில் கோபுரம் கட்டலாம், காய்ந்த மணலில் கட்ட முடியாது, அதே சங்கதி. அதோடு, களிமண் துகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரவும் தண்ணீர் உதவுகிறது. காய்ந்த தூளைப் போட்டு அழுத்தினால் துகள்கள் முரண்டுபிடிக்கும், டையின் சுவரோடு உரசும், மேலே கொடுத்த அழுத்தம் அடி வரைக்கும் போகாது. மாவை அழுத்தும் கட்டையான பஞ்ச் இருக்கும் பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருக்கும் பீஸ் சூளையில் ஒரே மாதிரி சுருங்காது, கோணும். சரி, அப்படியென்றால் தண்ணீரை நிறைய விட்டால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

நூறு கிராம் ஈர மாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 15 கிராம் தண்ணீர், 85 கிராம் மண். மண்ணின் அடர்த்தி சுமார் 2.6 என்று வைத்தால் அந்த 85 கிராம் 32.7 கன செ.மீ. இடம் பிடிக்கும். தண்ணீர் 15. ஆக, நடுவில் காற்றே இல்லாமல் நசுக்கினாலும் 47.7 கன செ.மீ.க்குக் கீழே போகவே முடியாது, ஏனென்றால் தண்ணீர் அமுங்காது. 85ஐ 47.7ஆல் வகுத்தால் 1.78. தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் கணக்கிட்டால், அழுத்திய பீஸின் அடர்த்திக்கு அதுதான் உச்சவரம்பு. நீங்கள் ஐம்பது டன் பிரஸ் போடுங்கள், ஐந்நூறு டன் பிரஸ் போடுங்கள், 1.78ஐத் தாண்டாது. ஈரத்தை 12 ஆக்கினால் வரம்பு 1.92 ஆகிறது, 7 ஆக்கினால் 2.17. உண்மையில் கொஞ்சம் காற்று எப்போதும் மாட்டிக்கொண்டுதான் இருக்கும், அதனால் இந்த வரம்பையும் தொட மாட்டோம். சாலை போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. மண்ணை இறுக்குவதற்கு ஒரு சரியான ஈரம் உண்டு, அதற்குக் கீழேயும் இறுகாது மேலேயும் இறுகாது என்று அமெரிக்காவில் பிராக்டர் என்ற பொறியாளர் 1933லேயே வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார். இன்றைக்கும் ரோடு கான்ட்ராக்டர் அந்தச் சோதனை செய்யாமல் பில் வாங்க முடியாது. பீங்கான் பட்டறையில் அந்த ஒழுங்கு ஏனோ வரவில்லை.

நான் சின்னப் பையனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐப்பசி மாதம். விடாமல் மழை. 63 ஆம்பியர் கேரியர் பெரிய ஆர்டர் ஒன்று, வரிசையாக விரிசல். பீஸை டையில் இருந்து வெளியே தள்ளும்போதே பக்கவாட்டில் முடி மாதிரி ஒரு கோடு ஓடும், கையில் எடுத்தால் மேல் தட்டு மூடி போலக் கழன்று வரும். முதலாளி பிரஸ்மேனைப் பார்த்து, இன்னும் இறுக்கிச் சுத்துடா என்று கத்தினார். அவரும் வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினார். விரிசல் இன்னும் ஜாஸ்தியானதே தவிர குறையவில்லை. எங்களோடு மாவு சலிக்கும் வேலையில் ஒரு வயதான அம்மா இருந்தார். குவியலில் இருந்து ஒரு பிடி அள்ளி அமுக்கினார். கட்டை விரலால் உதிர்த்துப் பார்த்தார். உதிரவில்லை, விரல் பதிந்தது. "தம்பி, இது கொழுக்கட்டைக்கு ஆகும், புட்டுக்கு ஆகாது" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அதுதான் புட்டு மாவு பதம், அதுதான் பிரஸ் மாவு பதமும். அன்றைக்கு எங்கள் மாவில் வழக்கமான அளவு தண்ணீரைத்தான் தெளித்திருந்தோம். ஆனால் மழைக்காலத்துக் கேக் சரியாகக் காயாமல் ஏற்கெனவே ஈரத்தோடு இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஈரம் கூடிப்போன மாவில் காற்று வெளியேற வழி அடைபட்டுப்போகும். அழுத்தும்போது அந்தக் காற்று உள்ளே சுருங்கி ஒளிந்துகொள்கிறது, அழுத்தத்தை எடுத்ததும் விரிந்து பீஸைத் தட்டுத் தட்டாகப் பிளக்கிறது. இதைத்தான் லேமினேஷன் என்கிறோம். பிரஸ்ஸை இன்னும் இறுக்கினால் காற்றும் இன்னும் இறுகும், பிளவும் இன்னும் பெரிதாகும். நம் முதலாளி செய்தது நோய்க்கு நேர் எதிரான மருந்து. ஓடு ஆலைகளில் முதலில் லேசாக ஓர் அழுத்து, உடனே பஞ்ச்சைச் சற்றுத் தூக்கிக் காற்றை விட்டு, அப்புறம்தான் முழு அழுத்து கொடுப்பார்கள். கைப்பிரஸ்ஸிலும் நல்ல பிரஸ்மேன் இரண்டு தட்டு தட்டுவார், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கை தானாகக் கற்றுக்கொண்டது.

லேமினேஷன் கண்ணுக்குத் தெரிந்தால் தப்பித்தோம், ஒதுக்கிவிடலாம். தெரியாமல் உள்ளே இருந்து, மேலே கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு மூடி, சூளையில் 1250, 1300 டிகிரியில் வெந்து வெளியே வந்துவிட்டால் அதுதான் ஆபத்து. மின்சாரப் பீங்கானுக்குள் நீர் ஏறக்கூடாது. இன்சுலேட்டர் துண்டுகளை ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயக் கரைசலில் அழுத்தத்தோடு ஊறவைத்து உடைத்துப் பார்க்கும் சோதனை அதற்காகத்தான் இருக்கிறது, உடைத்த முகத்தில் சிவப்பு ஓடியிருந்தால் அந்த லாட் தேறாது.

ஈரத்தின் சராசரியைச் சொல்லிவிட்டால் போதாது, அது பரவியிருக்கும் விதமும் முக்கியம். பூவாளியில் தண்ணீர் தெளித்து மண்வெட்டியால் இரண்டு புரட்டு புரட்டி உடனே டையில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சராசரி 13 என்று அளவு காட்டும், ஆனால் கட்டி கட்டியாக இருக்கும் இடத்தில் 18, தூளாக இருக்கும் இடத்தில் 8. கட்டி ஒரு விதமாகச் சுருங்கும், தூள் ஒரு விதமாகச் சுருங்கும், இரண்டும் ஒட்டிய எல்லையில் விரிசல் விடும். தண்ணீர் தெளித்த மாவை மறுபடி சல்லடையில் தேய்த்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, ஓர் இரவாவது ஊறவிட வேண்டும். இட்லிக்கு அரிசி ஊறவைக்க மறக்காத வீட்டில் பிறந்தவர்கள்தான் எல்லோரும். ஆர்டர் அவசரம் என்று வந்தால் முதலில் பறிபோவது இந்த ஓர் இரவுதான்.

அளப்பதிலும் ஒரு வம்பு உண்டு. ஒரு பட்டறையில் மாவு கலக்குகிறவர் ஈரம் 13 என்கிறார், சோதித்துப் பார்த்த பையன் 15 என்கிறான், இரண்டு நாள் சண்டை. கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் சரி. நூறு கிராம் ஈர மாவில் 13 கிராம் தண்ணீர் என்று அவர் சொல்கிறார். காய்ந்த மண் 87 கிராமுக்கு 13 கிராம் தண்ணீர், அதாவது 14.9 என்று இவன் சொல்கிறான். எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் அந்தச் சண்டையே இல்லை.

இப்போது பைண்டர். எங்கள் மாவில் களிமண் இருப்பதால் அதுவே பாதி பைண்டர். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணோ வேறு எதுவோ, அதன் பிசுபிசுப்புக்குத் தகுந்தபடி இன்னும் சுடாத பச்சைப் பீஸின் பலம் கூடும் குறையும். போதாவிட்டால் இரண்டு, மூன்று சதவீதம் பென்டோனைட் என்ற பிசுபிசுப்பான களிமண் சேர்ப்பவர்கள் உண்டு. பலம் வரும், ஆனால் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு விட மறுக்கும், காய்வதற்கு நேரமெடுக்கும், சுருக்கமும் கூடும். டெக்ஸ்ட்ரின், ஸ்டார்ச் என்ற மாவுப்பசைகளைப் போட்டவர்களும் உண்டு. மலிவு, நல்ல பலமும் தரும், ஆனால் சித்திரை வெயிலில் நாலு நாள் மூடி வைத்தால் புளித்துப்போய்ப் பட்டறை முழுக்கப் பழைய சோற்று வாடை அடிக்கும். புளித்த பைண்டருக்கு ஒட்டும் சக்தி இருக்காது. ரகசியமாக ஒரு மூட்டை மைதாவைக் கலந்துவிட்டு, பூஞ்சை பிடித்ததும் என்னைக் கூப்பிட்டவர் ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம்.

களிமண்ணே இல்லாத மாவு என்றால் பைண்டர்தான் எல்லாமே. நடுவில் கொஞ்ச காலம் வெளியூரில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பாகங்கள் செய்யும் ஓரிடத்தில் வேலை பார்த்தேன். அங்கே பி.வி.ஏ. என்கிற பாலிவினைல் ஆல்கஹாலைக் கரைத்துக் குழம்பில் சேர்த்து, ஸ்ப்ரே டிரையரில் குருணையாக்கி, அதைத்தான் அழுத்துவார்கள். அதைக் கரைப்பதே ஒரு கலை. கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே மாவாகவே நிற்கும் கட்டிகள்தான் மிஞ்சும். கேழ்வரகுக் கூழுக்கு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுவோமே, அதே முறைதான்.

அந்த இடத்தில்தான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். பி.வி.ஏ. என்பது அப்பளம் மாதிரி. காய்ந்திருந்தால் மொறுமொறு, காற்றில் ஈரம் ஏறினால் நமுத்துப்போகும். முழுக்கக் காய்ந்த பி.வி.ஏ. 75, 80 டிகிரி சூட்டுக்கு மேல்தான் இளகும், அதற்குக் கீழே கண்ணாடி போல விறைப்பாக இருக்கும். தண்ணீர் புகப் புக அந்த இளகும் சூடு இறங்கி இறங்கி அறைச் சூட்டுக்கே வந்துவிடும். இதனால் என்ன ஆகும்? கோடையில் காய்ந்து கிடக்கும் குருணை டையில் நசுங்காது. உருண்டை உருண்டையாக அப்படியே நிற்கும், நடுவில் இடைவெளி விடும். அழுத்திய பீஸை உடைத்துப் பார்த்தால் ஜவ்வரிசி அடுக்கினது போலத் தெரியும். 1600 டிகிரியில் சுட்டாலும் அந்த இடைவெளிகள் மூடாது, பெரிய பெரிய துளைகளாகத் தங்கிவிடும், பாகம் அந்த இடத்தில்தான் ஒடியும். மழைக்காலத்தில் நேர் எதிர். குருணை மெத்தென்று நன்றாக நசுங்கும், அடர்த்தி ஏறும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு டைக்குள் சீராக விழாது, பஞ்ச்சில் அப்பிக்கொள்ளும், ஒவ்வொரு பத்து பீஸுக்கும் துடைக்க வேண்டும். ஒரே மாவு, ஒரே பிரஸ், ஒரே அழுத்தம், ஆனால் மே மாதத்துப் பீஸும் நவம்பர் மாதத்துப் பீஸும் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை. அங்கே மாவை மூடிய டிரம்மில் வைத்தார்கள், அறையின் ஈரப்பதத்தையும் தினமும் எழுதினார்கள். பி.வி.ஏ.வின் விறைப்பை உடைக்கக் கொஞ்சம் பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்ப்பதும் வழக்கம்.

பைண்டர் அதிகமானால் பலம் அதிகம்தானே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பைண்டர் கடைசியில் எரிந்து போக வேண்டிய சரக்கு. 200 டிகிரியில் இருந்து 500 டிகிரிக்குள் அது புகையாக வெளியேற வேண்டும். அளவு மீறிப் போட்டுவிட்டுச் சூளையை வேகமாக ஏற்றினால் நடுவில் கரி தங்கி, உடைத்துப் பார்த்தால் கறுப்பாக ஒரு பட்டை, இல்லாவிட்டால் பீஸ் உப்பும். களிமண் மாவு என்றால் அரை சதவீதத்துக்குப் பலன் தெரியும். நாலு சதவீதம் போட்டுவிட்டு நஷ்டப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் காசு விஷயத்தில் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? அளவில். ஓர் ஓட்டின் அழுத்திய அடர்த்தி 1.95 இருந்து சுட்ட பிறகு 2.40 ஆகிறது என்றால், எரிந்து போகிற எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், நீளம் சுமார் 6.7 சதவீதம் சுருங்கும். அழுத்திய அடர்த்தி 1.90 என்றால் 7.5 சதவீதம். வித்தியாசம் வெறும் 0.05தான், ஆனால் 600 மி.மீ. ஓட்டில் அது கிட்டத்தட்ட 5 மி.மீ. ஓடு ஆலைகள் நிறைந்த குஜராத் ஊரான மோர்பியில் ஓடுகளைச் சுட்ட பிறகு அளவு வாரியாகப் பிரித்து அடுக்குவது இதனால்தான். இத்தாலி, ஸ்பெயின் ஆலைகளில் பிரஸ்ஸுக்குப் போகும் பெல்ட்டிலேயே அகச்சிவப்புக் கருவி வைத்து ஈரத்தை அளந்து, அதற்குத் தகுந்தாற்போல் அழுத்தத்தைத் திருத்துகிறார்கள். எங்களுக்கு ஓடு கிடையாது, ஆனால் கேரியர் அதன் பேஸுக்குள், அதாவது பலகையில் பொருத்தும் அடிப்பாகத்துக்குள், உட்கார வேண்டும். காலையில் அழுத்திய கேரியர் சாயங்காலம் அழுத்திய பேஸில் தொளதொள என்று ஆடினால், அல்லது சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால், எலக்ட்ரீஷியன் எங்களைத்தான் திட்டுவார். காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் திறந்து கிடந்த மாவில் இருந்து ஒரு சதவீத ஈரம் பறந்து போயிருக்கும், வேறொன்றும் இல்லை. ஒரு டன் மாவில் ஒரு சதவீதம் என்றால் பத்து லிட்டர் தண்ணீர், ஒரு குடம்கூட இல்லையே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள்.

ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு நான் எதிரி இல்லை. ஒரே அளவு அழுத்தம் ஒவ்வொரு முறையும் தரும், பிரஸ்மேனின் தோள்பட்டை தப்பிக்கும், காற்று வெளியேற நிதானமாக நேரம் கொடுக்கும். ஆனால் அதற்கு 6, 7 சதவீத ஈரத்தில் ஓடியாடி விழுகிற குருணை மாவு வேண்டும். எங்கள் 13 சதவீத மாவை அதில் கொட்டினால் பஞ்ச் ஓரத்தில் சேறு பிதுங்கும், பீஸ் பஞ்ச்சோடு ஒட்டிக்கொண்டு மேலே போகும். ஓடு ஆலைகளில் பஞ்ச்சையே சூடாக்கி அந்த ஒட்டலைத் தடுக்கிறார்கள், இங்கே அதெல்லாம் யார் சொன்னது? எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் கடன் வாங்கிப் போட்ட ஹைட்ராலிக் பிரஸ் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது, பக்கத்திலேயே பழைய ஸ்குரூ பிரஸ் ஓடுகிறது. மாவு தயாரிக்கும் முறையை மாற்றாமல் பிரஸ்ஸை மட்டும் மாற்றியதால் வந்த வினை. மானியம் போட்டுத் தருகிறவர்கள் அந்தப் பட்டியலில் ஓர் அடுப்பும் ஒரு தராசும் சேர்க்க மாட்டார்களா என்பதுதான் என் கேள்வி. 105, 110 டிகிரியில் நிற்கும் சின்ன ஓவன், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு, பத்து கிராம் மாவு, எடை மாறாமல் நிற்கும் வரை காயவைத்தால் ஈரம் தெரிந்துவிடும். அவசரத்துக்குக் கால்சியம் கார்பைடு போட்டுக் குலுக்கிப் பார்க்கும் குடுவை இருக்கிறது, ரோடு கான்ட்ராக்டர்களிடம் பார்க்கலாம், சில நிமிஷத்தில் சொல்லிவிடும். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளை ஐப்பசியில் ஒரு வாரம், சித்திரையில் ஒரு வாரம் பட்டறைகளுக்கு அனுப்பி ஈரம் அளக்கச் சொன்னால் அவர்களுக்கும் படிப்பு, எங்களுக்கும் லாபம்.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. பின்னாளில் நான் மேற்பார்வைக்கு வந்து ஓவன் வாங்கிய முதல் வாரம், அவரிடம் சொல்லாமல் பரீட்சை வைத்தேன். அவர் கையில் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்ற மூன்று குவியலிலும் மாதிரி எடுத்துக் காயவைத்தேன். 12.6, 12.4, 12.9. "தண்ணி தூக்கல்" என்று அவர் ஒதுக்கியது 14.8. அவர் இப்போது இல்லை. அந்த எண்களை எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் தேதி, வெயிலா மழையா, ஈரம், அன்றைக்கு எத்தனை பீஸ் உடைந்து போனது என்று நாலு கட்டம் போட்டு ஒன்பது வருஷக் கணக்கு எழுதியிருக்கிறேன். பட்டறை வைத்திருக்கும் யாராவது பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகத் தருவேன். பக்கம் கிழியாமல் திருப்பிக் கொடுத்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பீங்கான் தொழிலாளி,
விருத்தாசலம்.